மோட்டார் சத்தம்

பெயின்ட் படாமலிருக்கக் கார் கண்ணாடியில் ஒட்டியிருந்த செய்தித்தாளை ரோசெந்தோ நகத்தால் சுரண்டிச் சுரண்டி உரித்துக்கொண்டிருந்தான். முன்கண்ணாடி முடிந்தது, பக்கக் கண்ணாடிகள் இரண்டு பாக்கி. ஒன்பது மணிக்குச் சவ வண்டி கிளம்பிவிடும். ஓல்கீன் நகரில் இந்த மாதம் பெட்ரோல் கிடைப்பது குதிரைக்கொம்பு. அண்ணன் பின்னால் போக இருப்பது இந்த ஒரு கார்தான். அதுவும் ரோஜா நிறத்தில்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிவால்தோ எட்டிப் பார்த்தார்.

"பானெட்டப் பாரு, கண்ணாடியாட்டம். ஒரு எடத்துலகூடக் கோடு விழல. நடுவுல நிறுத்தாம அடிச்சியா?"

"ஆமா."

"அதான பார்த்தேன். நிறுத்தினா அங்கனயே காஞ்சு கோடு விழுந்துடும். என் மச்சான் அடிச்சது வரிக்குதிரை கெட்டது போ." சொன்ன பிறகுதான் அவருக்கு இன்றைக்கு என்ன நாள் என்று நினைவு வந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

ரோசெந்தோ பானெட்டைப் பார்க்கவில்லை.

ரோஜா நிறம் அண்ணன் எவெலியோவின் யோசனை. காலம்போன காலத்தில் பிறந்த ஒரே மகள் தயாமிக்கு வரும் சனிக்கிழமை பதினைந்து நிறைகிறது. பதினைந்துக்குக் கவுன் போட்டுக்கொண்டு ரோஜா நிறத் திறந்த காரில் ஊரைச் சுற்றி வராவிட்டால் அது ஒரு பிறந்தநாளா? அந்தக் காரை வாடகைக்கு எடுப்பது இந்தக் குடும்பத்துக்கு எட்டாக்கனி. "நம்ம ரஷ்யக் கிழவிக்கே ரோஜாப்பூச் சாயம் பூசிடுவோம்டா ஒல்லி" என்றான் எவெலியோ, வீட்டிலிருந்த பழைய ரஷ்யக் காரைத் தட்டி. ரோசெந்தோவுக்குத் தொப்பை விழுந்து இருபது வருஷமாகிறது. அண்ணனுக்கு மட்டும் அவன் ஒல்லிதான்.

ஜன்னலுக்கு வாங்கியதில் மிஞ்சிய வெள்ளை, தரைக்கு அடிக்கும் சிவப்பு, அளவாகத் தின்னர். அண்ணி ஒனெய்தாவின் பழைய காலுறையில் வடிகட்டினார்கள். பெயின்டைத் தெளிக்கும் காற்றுக்கு, செத்துப்போன ஃப்ரிட்ஜின் மோட்டாரைக் கழற்றி ஒரு தீயணைப்பு உருளையோடு இணைத்தான் எவெலியோ. சுவிட்சைப் போட்டுவிட்டு, குனிந்து அதன் மேல் கை வைத்துப் பார்த்தான். "ஓடுது ஒல்லி. பூனைகூட இதவிடச் சத்தம் போடும்."

நேற்றுக் கரண்ட் காலை எட்டிலிருந்து பதினொன்று வரைதான். அதற்குள் முடித்தாக வேண்டும். அண்ணியும் தயாமியும் வெளியே போயிருந்தார்கள்.

எவெலியோ ஒரு கூப்பிடு மன்னன். காரிலிருந்து கழற்றிவைத்த சீட்டில் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிட்டிருக்கிறது என்று ஒரு தடவை கூப்பிட்டான். இன்னொரு தடவை கூப்பிட்டதற்கு உள்ளே ஓடினால், ஜன்னல் வழியாகக் காரைக் காட்டி, "இங்கேருந்து பாத்தா பன்னித்தொடை மாதிரி இல்ல?" என்று சிரித்தான். இரண்டுக்கும் ரோசெந்தோ வேலையை நிறுத்திவிட்டுப் போனான். கதவில் விழுந்த கோட்டைத் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது தடவை அவன் பானெட்டில் பாதி தாண்டியிருந்தான். காபி போடப் போன அண்ணனின் குரல் சமையலறையிலிருந்து வந்தது.

"ஒல்லி. ஒரு நிமிஷம் வா."

"கோடு விழும்ணே. சும்மா இரு."

கொஞ்ச நேரம் கழித்து, "ஒல்லி." அவ்வளவுதான்.

கேட்டது. நன்றாகவே கேட்டது. இந்தத் தடவை பதில்கூடச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓரம் வரை அடித்து முடித்தான். முடித்த பிறகும் உடனே போகவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டான். அப்போதுதான் கரண்ட் போனது. காபி தீய்ந்த வாடை வந்தது.

எவெலியோ அடுப்புக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையில் கரித்துணி இருந்தது.

"மாரடைப்பு. நொடியில போயிருக்கும். அவருக்கே தெரிஞ்சிருக்காது" என்றார் டாக்டர். அந்த வார்த்தை ராத்திரி முழுக்க, அண்ணனைக் கிடத்தியிருந்த கூடத்தில் காபியோடு சேர்ந்து கைமாறியது. எல்லோருக்கும் அது ஆறுதலாக இருந்தது. ரோசெந்தோவிடம் சொன்னவர்களுக்கு அவனும் தலையாட்டினான்.

கல்லறைக்குப் போகும் வழியில் அண்ணி முன்சீட்டில், தயாமி பின்னால். எதிரே வந்த லாரிக்காரன் ரோஜா நிறக் காரையும் உள்ளே பெண்பிள்ளையையும் பார்த்துவிட்டு, பதினைந்துக்கு வாழ்த்துகிறவனாய் ஹாரனை விட்டு விட்டு அடித்தான். முன்னால் போகும் சவ வண்டி அவன் கண்ணில் படவில்லை போலும்.

"பதிலுக்கு அடிங்க சித்தப்பா" என்றாள் தயாமி. "அப்பா இருந்தா அடிச்சிருப்பாரு."

ரோசெந்தோ அடித்தான்.

திரும்பி வரும்போதுதான் ஒனெய்தா வாயைத் திறந்தாள்.

"எதுக்கெடுத்தாலும் ஒல்லி ஒல்லின்னு கூப்பிடற மனுஷன். நேத்து உன்னக் கூப்பிடவே இல்லியாப்பா?"

சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தான். வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"கூப்பிட்டிருந்தாலும் எங்க கேக்கும் அண்ணி? மோட்டார் சத்தம்."

"மோட்டாரு" என்றாள் அவள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன கேவலமான பிறவி நான் என்று அவனுக்கு இருந்தது. வீடு வரை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடியே ஓட்டினான்.

வீட்டில் தயாமி காபி கலக்க உள்ளே போனாள். ஒனெய்தா கறுப்பு உடையை மாற்றாமல் கொல்லைக்குப் போய், கொடியில் கிடந்த எவெலியோவின் சட்டையை எடுத்தாள். ரோசெந்தோ ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தான்.

தெரு முழுக்க, "கரண்ட் வந்துருச்சு" என்ற கூச்சல் எழுந்தது. வீட்டுக்கு வீடு ரேடியோ பேச ஆரம்பித்தது, பிறகு ஒவ்வொன்றாக அணைந்தது. சாவு வீடு இருக்கும் தெரு என்று ஞாபகம் வந்திருக்கும்.

கொடிக்குக் கீழே, மோட்டாருக்குக் கரண்ட் எடுத்த ஒயர் பெட்டியின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. நேற்று மோட்டார் சுவிட்சை அணைக்காமலே தான் உள்ளே ஓடியது ரோசெந்தோவுக்கு அப்போதுதான் உறைத்தது. டப்பாவிலிருந்து பாதி எழுந்தான்.

ஒனெய்தா விளக்கைப் பார்த்தாள். மோட்டாரைப் பார்த்தாள். எட்டு வருஷம் அவள் சமையலறை ஃப்ரிட்ஜில் ஓடிய மோட்டார்.

"இது ஓடுதா?"



சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவள் குனிந்து அதன் மேல் கையை வைத்தாள். உள்ளங்கையில் மட்டும் அதிர்வு தெரிந்தது. கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். உள்ளே தயாமி சர்க்கரையைக் கரண்டியால் கலக்குவது கொல்லைவரை கேட்டது.