மீன் கழுவின தண்ணீர்

தாணுலிங்கமும் பிச்சம்மாளும் குடியிருந்த வீட்டுக்குச் சக்கரம் உண்டு. பழைய பஸ் ஒன்றின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் அடுக்குப் பெட்டிகளும் வைத்து அதையே வீடாக்கிக்கொண்டவர்கள். நாகர்கோவில் பக்கத்து மனிதர்கள், மூக்குக்கண்ணாடி வியாபாரம். ஒரு வாரம் வித்துராச் சந்தையில் நிற்கிற வண்டி, அடுத்த வாரம் பொன்முடித் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தருகே நிற்கும், பிறகு விழிஞ்ஞத்துக்கு இறங்கும். கண் மங்கியவர்கள் வண்டிப் படியில் உட்கார்ந்து தாணுலிங்கம் நீட்டுகிற அட்டையைப் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊசியும் நூலும் கொடுத்துக் கோக்கச் சொல்லுவார்.

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தகரத் தொட்டி. பாத்திரம் கழுவுவது, முகம் கழுவுவது, துணி அலசுவது எல்லாம் அதில்தான். தொட்டியின் அடியில் ஓட்டை, ஓட்டைக்குக் கீழே ரோடு. கழுவின தண்ணீர் அங்கே விழும், வண்டி புறப்பட்டுப் போய்விடும். அந்தத் தண்ணீர் அப்புறம் என்ன ஆயிற்று என்று அவர்கள் திரும்பிப் பார்த்ததில்லை. நாம் மட்டும் என்ன, நம் வீட்டு முற்றத்து ஓடையின் பின்னாலேயே என்றைக்காவது நடந்து போய்ப் பார்த்திருக்கிறோமா?

முந்தின வருஷம் பொன்முடியிலிருந்து இறங்கும்போது, வளைவுக்கு வளைவு வண்டி குலுங்கி, பிச்சம்மாள் வயிற்றில் இருந்த பிள்ளை தங்காமல் போயிற்று. அதை நான் நீட்டிச் சொல்லப் போவதில்லை. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறவர்களும் இருப்பீர்கள். மறுபடி அவள் உண்டாகி மாசம் ஏறியபோது, தைக்காட்டு ஆஸ்பத்திரி லேடி டாக்டர் தாணுலிங்கத்தைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிரசவம் வரைக்கும் வண்டி உருளக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஊரில் இருந்த வீட்டை விற்றுத்தான் வண்டியை வாங்கியிருந்தார்கள். அதனால் திருவனந்தபுரத்திலேயே, கரமனை அக்கிரகாரத்துக்குப் பின்னால் இருந்த ஒரு காலி மனையில் வண்டியை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். மனைக்காரர் தாணுலிங்கத்திடம் கண்ணாடி வாங்கி, வெகு நாளைக்குப் பிறகு பஞ்சாங்கம் படித்தவர். இருந்துகொள் என்று சொல்லிவிட்டார். தாணுலிங்கம் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கால்நடையாக வியாபாரத்துக்குப் போய்வந்தார்.

வண்டி நின்றது. தண்ணீர் விழுவது நிற்கவில்லை. கொஞ்ச நாளில் வண்டியின் வயிற்றடியில் கறுப்பாக ஒரு குட்டை தேங்கிவிட்டது. கொசு மொய்த்தது. முனிசிபாலிட்டி சுகாதார இன்ஸ்பெக்டர் வெங்கடகிருஷ்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஓய், இந்த அழுக்கு வெள்ளம் எங்கே போறது?"

"எங்கயும் போகல்ல சாமி. இங்ஙனதான் கெடக்கு," என்றார் தாணுலிங்கம்.

"அதான் குத்தம். கொசு வந்தா மந்துக்கால் வரும், யானைக்கால். இப்பவே தெருவுல பாதிப் பேர் காலை நீட்டி உக்கார வெக்கப்படறா."

"அப்பம் ஓடையில விட்டிருதேன்."

"ஓடை நேரே ஆத்துக் கடவுல போய் விழறது. ஊரே அங்கதான் ஸ்நானம் பண்றது. ஓடையில விட்டா கேஸ்."

"ரோட்டுல?"

"அதுவும் கேஸ்."

"குடிச்சிரட்டா சாமி?"

"குடிச்சா ரூல்ல தடையில்லை," என்றார் இன்ஸ்பெக்டர், சிரிக்காமல்.

வண்டிப் படியில் உட்கார்ந்திருந்த பிச்சம்மாளை அப்போதுதான் அவர் பார்த்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "மூணு வாரம் கழிச்சு வர வெள்ளிக்கிழமை இந்தத் தெருவுல எனக்கு ஒரு காரியம் இருக்கு. அப்போ வந்து பார்ப்பேன். தரை காஞ்சிருக்கணும். கழுவற வெள்ளம் எங்கே போறதுன்னு காட்டணும். இல்லேன்னா வண்டி எல்லைக்கு வெளியில போயிடணும். ஆபீஸ்ல எழுதிட்டா அப்புறம் என் கையில இல்லே, கேட்டேளா."

எல்லைக்கு வெளியே என்றால் நேமத்தைத் தாண்டிப் போக வேண்டும். அந்த ரோட்டின் பள்ளம் ஒவ்வொன்றும் பிச்சம்மாளுக்குத் தெரியும். அவள் கை தானாக வயிற்றின் மேல் போய் நின்றது.

தாணுலிங்கம் குட்டையில் மண்ணைப் போட்டு மூடினார். தொட்டி ஓட்டைக்கு அடியில் ஒரு வாளி வைத்தார்கள். வாளி நிறைந்தால் எங்கே கொட்டுவது என்பதுதான் மிச்சம்.

மனையின் ஓரத்தில் ஒரு பொத்தல் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பாகீரதி மாமியின் தோட்டம். புருஷன் போனபின் தனியாக இருந்தவள்; பிள்ளை குட்டி இல்லை. மீன மாசத்து வெயிலில் கிணறு கீழே போய்விட்டதால், அவள் இறைக்கிற தண்ணீர் வீட்டுக்கே போதவில்லை. வேலியோரத்து மூன்று வாழைகளும் இலை தொங்கி நின்றன. பிச்சம்மாள் அதைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள். பிளந்து குடைந்த கமுகுத்தடி ஒன்றைத் தாணுலிங்கம் வாங்கி வந்து வேலிப் பொத்தல் வழியாகச் சாய்வாகப் போட்டுக் கொடுத்தார். விடியற்காலையில், மாமி கொல்லைக்கு வருவதற்கு முன்னால், பிச்சம்மாள் வாளியைக் கமுகு வாயில் சாய்த்துவிடுவாள். பிறகு தடியை இழுத்து வண்டிக்கு அடியில் போட்டுவிடுவாள். கேட்டுவிட்டுச் செய்யலாம்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

வாழை நன்றி மறக்காத மரம். மூன்றாவது வாரத்துக்குள் குருத்துகள் சுருள் விரிந்து, ஒரு ஆள் படுக்கலாம் போல இலை போட்டன.

கெடுவுக்கு முதல் நாள், வியாழக்கிழமை, பாகீரதி மாமி வேலியோரம் வந்து நின்று, தானாகவே பேச்சுக் கொடுத்தாள்.

"பார்த்தயோடீ பெண்ணே இந்த இலையை? அவர் வச்ச வாழை. அவர் போனப்புறம் இப்படி விட்டதே இல்லை. நாளைக்கு அவருக்குத் திவசம். கொழுந்தன் பிள்ளை வெங்கடகிருஷ்ணன்தான் பண்றான். இந்த வருஷம் கடையில இலை வாங்க வேண்டாம். அவரே அனுப்பிச்சுட்டார்."

விழிஞ்ஞத்து நெத்திலி கழுவின தண்ணீர் அன்று காலையில்தான் அந்த வாழைக்குப் போயிருந்தது.

சாயங்காலம் தாணுலிங்கம் வந்ததும் சொன்னாள். அவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார்.

"சொல்லாண்டாம் பிள்ளே. வேருல விட்டது இலைக்கு மேலயா நீந்துது?"

"செத்தவருக்குச் சோறு போடுத இலையாக்கும்."

"இன்ஸ்பெக்டர் அவ்வோ மகன் முறைன்னு நீதானே இப்பம் சொன்ன? சொன்னா நாளைக்கு நேமம். உனக்கு ரோடு மறந்து போச்சா?"

"மறக்கல்ல," என்றாள் பிச்சம்மாள். "போன பிள்ளைக்கு நான் ஒரு பருக்கை வச்சது கெடையாது. வைக்குதவகிட்ட அதுல கள்ளத்தனம் பண்ண எனக்கு மனசு வரல்ல."

தாணுலிங்கம் அவள் எழுந்திருக்கக் கை கொடுத்தார்.

மாமி விளக்கேற்றப் போகிற நேரம். பிச்சம்மாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். வாளி, கமுகுத்தடி, விடியற்காலை.

"மீன் தண்ணியா?"

"ஆமா மாமி. நெத்திலி."

"நெத்திலியோ திமிங்கிலமோ, நேக்கு அதுல என்னடீ பேதம்?"

மாமி வாழையைப் பார்த்தாள். ஒரு இலையின் நுனியைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். திரும்பி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்ளுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையிலேயே தாணுலிங்கம் பெட்டிகளைக் கயிற்றால் கட்டிவிட்டார். முன்சக்கரத்துக் கற்களை எடுத்தாயிற்று. கட்டிலில் இருந்த தலையணை எல்லாவற்றையும் பிச்சம்மாள் உட்காரும் இடத்தில் அடுக்கி வைத்திருந்தார், பள்ளத்தில் விழுந்தால் தாங்கட்டும் என்று.

மத்தியானம் தாண்டி, திவசச் சாப்பாடு முடிந்து, வெங்கடகிருஷ்ணன் பஞ்சகச்சத்தோடு கொல்லைப் பக்கம் வந்தார். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"தரை காஞ்சிருக்கு, செரி. வெள்ளம் எங்கே போறது?"

தாணுலிங்கம் பிச்சம்மாளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"என் தோட்டத்துக்கு வரது," என்று இன்ஸ்பெக்டர் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பாகீரதி மாமி கொல்லை வாசலில் நின்றிருந்தாள்.

"நீங்க சம்மதிச்சேளா பெரியம்மா?"

"இத்தனை நாள் கேக்காம வந்தது. இனிமே கேட்டுண்டு வரும்."

வெங்கடகிருஷ்ணன் ஒரு குச்சியால் வாழையடியைக் குத்திப் பார்த்தார். கிணறு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். "தேங்கலே. நன்னா உறிஞ்சியிருக்கு. ஒரே மரத்துக்கே விடாதேயும் ஓய், மாத்தி மாத்தி விடணும். கிணத்துப் பக்கம் போகவே கூடாது. வெள்ளம் வந்து விழற எடத்துல ஒரு குழி எடுத்து ஓட்டுச் சில்லும் மணலும் போடும். எண்ணெய்ப் பிசுக்கு அதுல தங்கிடும். அப்போ நான் ஒண்ணும் எழுத வேண்டியதில்லை."

போகிறவர் வாழையைப் பார்த்துவிட்டு நின்றார். "இத்தனை நல்ல இலை இங்கே இருக்கச்சே சாலைக் கடை இலையை எதுக்குப் போட்டேள்? ரசம் ஓடிப் போயிடுத்து."

"சாப்பிட்டாச்சோன்னோ? கேள்வி கேக்காம ஆத்துக்குப் போ."

அவர் போனபின் மாமி வேலியருகே வந்தாள். பிச்சம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மாமி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சாலைக் கடை இலைக்கு எந்தத் தண்ணி விட்டானோ, நான் கேட்டேனா? சொல்லாதவா இலையில அவருக்குச் சாதம் போட்டுட்டு, சொன்னவளை ரோட்டுல விரட்டறதாக்கும்?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மீன் தண்ணி அதோ அந்தக் கோடிச் சேம்புக்கு. மத்ததெல்லாம் இந்த மூணு வாழைக்கு. துளசி மாடத்துப் பக்கம் நிக்கறதே ஒரு வாழை, அதுக்கு ஒரு சொட்டு வரப்படாது. அது அடுத்த வருஷத் திவசத்துக்கு."

தாணுலிங்கம் கற்களை எடுத்துவந்து சக்கரத்துக்கு மறுபடி வைத்தார். பிச்சம்மாள் தலையணைகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

வண்டி அசையவே இல்லை. வலி கண்ட அன்று, தாணுலிங்கம் அழைத்துவந்த ரிக்‌ஷாக்காரன் முட்டை கொண்டுபோகிறவன் மாதிரி நடத்தியே தைக்காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். பெண் குழந்தை. அழுகைச் சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது.

வீட்டுக்கு வந்து குழந்தையை முதல்முதலாகக் குளிப்பாட்டினார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் தகரத் தொட்டியில் சேர்ந்து வாளிக்கு இறங்கியது. பிச்சம்மாள் படியில் சாய்ந்தபடி வேலிக்கு அப்பால் கேட்டாள்.

"மாமி, இதை எதுக்கு விடட்டும்?"

"தீட்டு கழியற வரைக்கும் சேம்புக்கு விடச் சொல்லு. அப்புறம் துளசி மாடத்து வாழைக்கு."

"அது திவசத்து வாழையில்லா?"

"தெரியும்டீ," என்றாள் பாகீரதி மாமி. "குழந்தை குளிச்ச தண்ணின்னு அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."