நடுவே இல்லாத டோனட்

பெனாப்ஸ்காட் ஆற்றின் மேல்காட்டில் மரம் வெட்டுகிறவர்கள் சாப்பாட்டு மேசையில் மெல்லுவதற்கு மட்டும்தான் வாயைத் திறக்கலாம். பேச்சு கூடாது. எல்லா முகாமிலும் உள்ள வழக்கம்தான் என்றாலும், ஜோதாம் மேஸ்திரியின் முகாமில் அவர் மனைவி கெசியா அதை இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டாள். சமையல் அவள் பொறுப்பு. கரண்டியோடு அவள் நின்றால் நாற்பது தாடிக்காரர்களும் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுவார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் அவளைப் படுத்தியெடுத்தது டோனட் என்னும் இனிப்புப் பலகாரம். அப்போதெல்லாம் அது அடைபோல முழு வட்டமாகத்தான் இருக்கும். அப்படி ஒரு குளிர். பிசைந்து வைத்த மாவு விடிவதற்குள் விறைத்துவிடும். அதைத் தட்டிக் கொதிக்கும் பன்றிக்கொழுப்பில் போட்டால் வெளியே கருகும், நடுவில் பச்சை மாவு கொழகொழவென்று அப்படியே இருக்கும். தீயைக் குறைத்தும் பார்த்தாள். கொழுப்பைக் குடித்ததுதான் மிச்சம். ஆட்கள் ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு, நடுவை மேசை விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாம் நாள், எல்லோரிலும் மூத்த வெட்டுக்காரர் ஓபேத், ஜோதாமைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேஸ்திரி, தப்பா நெனைக்காதீங்க. பச்சை மாவைத் தின்னுட்டுக் கோடாலி தூக்க முடியல. வயித்தைப் போட்டுப் பிசையுது. அண்ணியை ஊருக்கு அனுப்பிட்டு வேற சமையல் ஆளைப் பாருங்க. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை நாங்க பக்கத்து முகாமுக்குப் போயிடுவோம்."

ஜோதாமுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆட்கள் போனால் அந்த வருஷ வேலையே போச்சு. கெசியா போனால்? கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவள் அவரோடு காட்டில் இருக்கும் முதல் குளிர்காலம் இது. அவர் ஓபேத் சொன்னதை மென்று விழுங்கி அவளிடம் சொன்னார். தன் மனதில் இருந்ததைச் சொல்லவில்லை.

"சரி, போறேன்" என்றாள் கெசியா. அன்றே மூட்டையும் கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை காலை கடைசித் தடவையாக மாவைத் தட்டினாள். "நடுவைத் தின்ன மாட்டாங்களாமே துரைமாருங்க! தின்னவே வேணாம். ஓரத்தையே தின்னுட்டுப் போகட்டும்."

சுவரில் தொங்கிய காலி வெடிமருந்துக் குப்பியின் தகர மூடியை எடுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஓங்கி ஒரு குத்து. "இது ஓபேத் அண்ணனுக்கு. இது அந்தச் செவப்புத் தாடிக்கு." நாற்பது பேர் பெயரையும் சொல்லித் துளைத்துக் கொழுப்பில் போட்டாள்.

அவை உப்பின. ஓட்டைக்குள்ளும் கொழுப்பு புகுந்து, உள்ளும் புறமும் ஒரே மாதிரி சிவந்தன. ஒன்றைப் பிட்டுப் பார்த்தாள். பச்சை என்ற பேச்சே இல்லை. திட்டிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றுபோனது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஜோதாம் அசந்துபோனார். கோபத்தில் பாத்திரத்தை உடைக்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கோபத்திலும் சரியான இடத்தில் கை வைக்கிறவளை அன்றுதான் பார்த்தார். என் பெண்டாட்டி என்று கத்த வேண்டும் போல இருந்தது.

மேசையில் ஒரு துணுக்குகூட மிஞ்சவில்லை. கடைசியில் ஓபேத்துக்கே பொறுக்கவில்லை. "அண்ணி, இன்னும் ரெண்டு இருக்குமா?" என்று கேட்டேவிட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கெசியா முறைத்தபடி மூன்று போட்டாள்.

வேலைக்குக் கிளம்பும்போது ஓபேத் வாசலில் தயங்கினார். "நாங்க எங்கேயும் போகல அண்ணி."

"நீங்க போகாட்டி என்ன? நான் போறேன். மூட்டை கட்டியாச்சு."

ஓபேத் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடியே போனார். ஜோதாம் மட்டும் நின்றார். நாற்பது பேரை அதட்டி மேய்க்கிற மனுஷன் அவள் மூட்டையை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"போகாதே கெசியா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல."

அவள் அடுப்பில் இன்னொரு கட்டையைச் செருகினாள். பிறகு திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"மேசையிலதாங்க பேசக் கூடாதுன்னு சொன்னேன். பொண்டாட்டிகிட்டயுமா பேசக் கூடாதுன்னேன்? தள்ளுங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு மாவு பிசையணும்."