முனியாண்டி மேட்டு எலுமிச்சை

தமக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறவரைத் தம் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போகும் பேறு, ரெம்பாவ் வட்டாரத்தில் சன்னாசி ஒருவருக்கே வாய்த்திருந்தது. அந்தச் சாட்சி அவருடைய மனைவி பஞ்சாலை.

"பெல்ட்ட போடு பஞ்சு. வழியில ஒனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நான்தான் சாட்சியக் கலைச்சேன்னு சொல்லுவாங்க."

"நீங்க ரோட்டப் பாருங்க. சேத்துல ஓட்டி ஓட்டி, தார் ரோட்டுல எப்படிப் போறதுன்னே மறந்துபோச்சு ஒங்களுக்கு."

கல்லுமலை ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் அரசு வனக்காடு இருக்கிறது. அதன் ஊடே ஒரு மண்பாதை, ஓடையைக் கடந்து மலையுச்சி வரை ஏறும். ஞாயிறுதோறும் ஃபோர்வீல் வண்டிக்காரர்கள் அதில் வருவார்கள். கதவளவு நீரைக் கிழித்துக்கொண்டு ஓடையின் அக்கரை சேர்வார்கள். அண்மைக்காலத்தில் அனுமதியின்றி வெட்டப்பட்ட தடம் என்று கருதி வனத்துறை அதை அடைத்துவிட்டது. அடைத்தது செல்லாது என்று வண்டிக்காரர் சங்கம் சிரம்பான் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சங்கத்தின் தலைவர் சன்னாசி. அடைத்தது சரியே என்று வனத்துறைக்குத் துணையாக வழக்கில் சேர்ந்துகொண்டது, தோட்டத்து வீடமைப்பில் வாழும் நாற்பது குடும்பங்களின் குழு. அதன் செயலாளர் பஞ்சாலை.

அவள் கேட்டது தண்ணீர் ஒன்றைத்தான். நாற்பது வீட்டுக் குழாய்களுக்கும் அந்த ஓடையே தாய். வண்டிகள் கடக்கும் துறைக்குச் சற்றுக் கீழிருந்து குழாய் நீரை எடுத்தது. ஆதலால் ஞாயிறு பிற்பகல்களில் அது தேநீர் நிறத்தில் இறங்கிற்று. குழாய் வாயில் கட்டிய வெள்ளைத்துணி செவ்வாய் வரை செம்மண் சுமந்து நின்றது. வெள்ளியும் ஞாயிறும் ஓடைக்கரை மேட்டில் இருக்கும் முனியாண்டி கல்லுக்கு நீராட்டிப் பதிகம் பாடுவது அவள் வழக்கம். ஞாயிறுகளில் நீரை முகந்து ஊற்றும்போது கலங்கல் கல்லின் மேல் வரிவரியாய் இறங்குவதைக் கண்டால் அவளுக்குப் பாட்டு நின்றுவிடும். இப்போது பாதை அடைபட்டிருந்ததால் ஓடை தெளிந்திருந்தது. தீர்ப்பு மாறினால் அந்தத் தெளிவும் போய்விடும்.

இருவரும் ஓர் உடன்பாடு செய்திருந்தனர்: வாசற்கதவுக்கு உள்ளே வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் கூடாது. ஊடலுக்கும் ஒரு வேலி வேண்டும் என்று இருவருமே உணர்ந்திருந்தனர். வண்டி வீட்டில் சேராது, ஆகவே அதில் பேசலாம் என்பது சன்னாசி கொண்ட பொருள்.

"பாவம் எங்க கேஸு," என்றார் அவர், சிரம்பானின் ரஹாங் பகுதிக்குள் வண்டியைத் திருப்பியபடி. "எண்பத்தெட்டுலேர்ந்து பத்து வருஷம் அந்த ரோட்டுல ரப்பர் பால் லோரி ஓட்டினேன்னு சத்தியம் பண்ணிட்டேன். தோட்டம் கைமாறினதுல ஆபீஸ் தாளெல்லாம் போச்சு. ஃபாரஸ்ட் மேப்புல ரோடே இல்ல. என் வாய்ச்சொல்லு மட்டும் பத்தாதாம், வேற அடையாளம் கேக்குறாங்க."

"ஒங்க வாயப் பத்தித்தான் கோர்ட்டுக்கே தெரிஞ்சுபோச்சே," என்றாள் பஞ்சாலை. வழக்கறிஞர் அலுவலக வாசலில் இறங்குமுன் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

குழுவின் வழக்கறிஞர் டான்யா முப்பது வயதுப் பெண். ரஹாங்கில் பிறந்து வளர்ந்தவள். பஞ்சாலையின் சத்தியப் பிரமாணப் பத்திரத்தை மலாயில் எழுதி வைத்திருந்தாள்.

"ஒவ்வொரு பாராவா தமிழ்ல சொல்றேன் ஆன்ட்டி. சரின்னா தலையாட்டுங்க."

தண்ணீரின் நிறத்துக்குப் பஞ்சாலை தலையாட்டினாள். துணிக்கும் குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கும் தலையாட்டினாள். ஏழாம் பத்தியில் அவள் தலை அசையவில்லை. 'இப்பாதையில் முற்காலத்தில் வாகனம் ஓடியதற்கான அடையாளம் எதையும் நான் கண்டதில்லை' என்றிருந்தது அது.

"இது வேணாம்மா."

"ஏன் ஆன்ட்டி? அங்கிள் சொல்றதத் தவிர வேற ஒண்ணும் இல்லதானே?"

"இருக்கு. எங்க வீட்டு ஊறுகாய் ஜாடியில இருக்கு."

டான்யா சிரித்தாள். பஞ்சாலை சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

பஞ்சாலை சொன்னாள். அக்காலத்தில், பால் நிரம்பிய லோரி சரிவில் இறங்குமுன், முனியாண்டி கல்லின் எதிரே சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் புறப்படும். அவள், தொழிலாளரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் வேலை செய்தவள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மேட்டுக்குப் போகும்போது லோரி போயிருக்கும். நசுங்கிய பழங்கள் மட்டும் கிடக்கும். அவற்றைக் கூட்டிக் கரையோரம் தள்ளிவிடுவாள். மழையில் சில விதைகள் முளைத்தன. இப்போது அங்கே ஐந்து மரங்கள். மூத்தது அவள் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போன ஆண்டு முதன்முதலாகக் காய்த்தது. அந்த மகளுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது.

"அங்கிளுக்குத் தெரியுமா?"

"அவரு மரத்த எங்க பாத்தாரு? டயரத்தான் பாப்பாரு. பழம் ரெம்பாவ் பசார்ல வாங்குறேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு."

டான்யா பேனாவை மேசைமேல் வைத்தாள். "சரி ஆன்ட்டி, பொய் எழுத மாட்டேன். இந்தப் பாராவ அப்படியே எடுத்துடறேன். யாரும் கேக்கல, நாமளும் சொல்லல. தப்பில்ல லா."

அது நல்ல வழியாகத்தான் தோன்றிற்று. பஞ்சாலை சன்னலுக்கு வெளியே பார்த்தாள். சாலையோரம் சன்னாசி வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்துக் கண்ணாடியை இரண்டாம் முறையாக.

"எழுதும்மா. மரம் இருக்குன்னே எழுது."

"ஆன்ட்டி, அப்புறம் தண்ணி போயிடும்."

"தெரியும். நாளைக்கு அவருக்குச் சோறு போடணும். அந்த ஊறுகாயத்தான் வைக்கணும். இத்தன வருஷம் ஒண்ணும் நெனைக்காம வெச்சேன். இனி வெச்சா, ஒளிச்சு வெச்ச மாதிரி இருக்கும். முனியாண்டிக்கு முன்னால கூட்டித் தள்ளினவ நான்தானே."

டான்யா பேனாவை மீண்டும் எடுத்தாள். பிறகு ஏழாம் பத்தியைப் புதிதாக எழுதினாள். பஞ்சாலை சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட்டாள்.

"என்னைய நல்லாக் கிழிச்சியா?" என்று கேட்டார் சன்னாசி, வண்டியைக் கிளப்பியபடி.

"படிக்கிறப்ப தெரியும்."

வழியில் ஒரு கடையில் நிறுத்தி, அவளுக்குச் சீனி குறைத்து ஒரு தேநீர் சொன்னார். அதைக் குடித்து முடிக்கும்வரை அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து, சங்கத்தின் வழக்கறிஞர் முகுந்தன் பகலுணவு வேளையில் வந்து சேர்ந்தார். வாசற்கதவில் கை வைத்தவரைச் சன்னாசி தடுத்தார்.

"தம்பி, அங்கேயே நில்லுங்க. கேஸ் பேச்சு கதவுக்கு வெளியிலதான்." உண்டுகொண்டிருந்த தட்டோடு எழுந்து தாமே வெளியே போனார்.

முகுந்தன் வெயிலில் நின்று ஏழாம் பத்தியைப் படித்துச் சொன்னார். "அண்ணே, வீட்டுக்காரம்மா நம்மள ஜெயிக்க வெச்சிட்டாங்க. எதிர்ப்பக்கமே சொல்ற சாட்சி, இதுக்கு மேல என்ன வேணும்? இத வெச்சு மலையுச்சி வரைக்கும் பழைய ரோடுன்னு கேட்டுடலாம். தடுக்க ஆளில்ல."

சன்னாசி தட்டைப் பார்த்தார். சோற்றின் ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய், காரத்தில் சிவந்து கிடந்தது. கதவுக்கு உள்ளே பஞ்சாலை அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே மீண்டும் துடைத்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி," என்றார்.

முகுந்தன் போனபின், தட்டில் ஒரு பருக்கையும் மீதம் வைக்காமல் உண்டு கைகழுவினார். அன்று வண்டியை எடுக்கவில்லை. அரைமணி நேரம் நடந்து மேட்டுக்குப் போனார்.

ஐந்து மரங்களும் நின்றன. மூத்த மரத்தின் அடி அவருடைய கெண்டைக்கால் பருமன் இருந்தது. பத்து வருடம் லோரியை நிறுத்திய இடம், அதன்பின் எத்தனையோ ஞாயிறுகள் ஃபோர்வீலில் கடந்த இடம். மரங்களை இன்றுதான் பார்க்கிறார். முள் கையில் கீற, ஒரு காயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஓடைக்கு அப்பால் நோக்கினார். அக்கரையில் மூங்கிலும் பெரணியும் மட்டுமே இருந்தன.

அங்கே எலுமிச்சை இருக்க முடியாது. லோரி அக்கரைக்குப் போனதே இல்லை. அக்கரையில் அப்போதிருந்த ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறவர்கள் வாளிகளைக் காவடியில் தொங்கவிட்டு, ஒற்றை மரப்பாலத்தில் வரிசையாக வருவார்கள். அவர் இக்கரையில் லோரியைத் திருப்பிவைத்துக் காத்திருப்பார். அக்கரையைச் சரித்து வழி செய்தது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அவரும் சங்கத்து மகேந்திரனும் மண்வெட்டியோடு நின்ற இரண்டு ஞாயிறுகளில். தம் பத்திரத்தில் 'அந்த ரோடு' என்று மட்டும் சொல்லியிருந்தார். எதுவரை என்று முகுந்தன் கேட்கவில்லை.

ஆனால் அந்த ஓடையைக் கடப்பதில்தான் அவருடைய ஞாயிறு முழுவதும் இருந்தது. நீர் கதவைத் தட்டும்போது, அறுபத்து மூன்று வயதை அவர் இக்கரையிலேயே விட்டுவிட்டுப் போவார். ஓடையருகே குந்தி நெடுநேரம் இருந்தார். அடியில் கிடந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது.

வீடு திரும்பியவர் கதவுக்கு வெளியே நின்று கைப்பேசியை எடுத்தார்.

"தம்பி, எழுதிக்கோங்க. லோரி முனியாண்டி மேட்டோட நிக்கும். ஆத்துக்கு அந்தப் பக்கம் போனதில்ல. அந்தக் கரைய வெட்டினது நாங்கதான்."

"அண்ணே, அது நமக்குத் தேவையில்லாதது. யாரும் கேக்கல."

"என் பொண்டாட்டி அவளுக்குத் தேவையில்லாதத எழுதிக் கொடுத்திருக்கா. நான் சும்மா இருந்தா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊறுகா கேப்பேன்?"

உள்ளே வந்தபோது பஞ்சாலை ஒன்றும் கேட்கவில்லை. உடன்பாடு உடன்பாடுதான். அவர் கையில் முள் கீறிய இடத்தைப் பார்த்தாள். மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்து பூசினாள். பூசும்போது அவள் விரல்கள் வேண்டியதற்கு மேலும் சற்று நேரம் அங்கே தங்கின.

மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மேடு வரையுள்ள பாதை பழையது. பயன்படுத்துவோரைக் கேளாமல் அதை அடைத்தது செல்லாது. ஓடைக்கு அப்பால் உள்ளது புதியது. அது அடைபட்டே இருக்கும். வனத்துறையினர் வண்டிகள் ஓடையில் இறங்கும் இடத்தில் மூன்று இரும்புத் தூண்கள் நட்டார்கள்.

அடுத்த ஞாயிறு, ஏழு வண்டிகள் மேட்டுக்கு வந்து தூண்களின் முன் நின்றன. மகேந்திரன் இறங்கி, இடுப்பில் கைவைத்து ஓடையைப் பார்த்தார்.

"தலைவரே, தண்ணியில எறங்காத ஃபோர்வீல் எதுக்கு? பேசாம ஆளுக்கொரு குட்டி மைவி காரு வாங்கிக்குவோம்."

"வாங்கு. சேத்துல மாட்டினா நான் கயிறு கட்டி இழுக்கிறேன்," என்றார் சன்னாசி. சிரித்தார், ஆயினும் அவர் கண் அக்கரையில் ஒருமுறை போய்த்தான் மீண்டது.

பஞ்சாலை அதைப் பார்த்தாள். கல்லுக்கு நீராட்டுவதற்காக அவளும் அவருடைய வண்டியில் வந்திருந்தாள். ஓடையில் செம்பை அமிழ்த்தி முகந்து ஊற்றினாள். நீர் கல்லின் கருமையை மறைக்காமல் வழிந்தது. பதிகத்தை முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் பாடினாள். சன்னாசி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார்.

புறப்படும் நேரம். மூத்த மரத்திலிருந்து நான்கு பழங்களைத் தாமே பறித்துச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். வண்டி ஓர் அடி நகர்ந்தது, பழங்கள் நசுங்கின, எலுமிச்சை மணம் எழுந்தது. பஞ்சாலை விளக்குமாற்றோடு வருமுன் அவர் இறங்கி, நசுங்கிய பழம் ஒன்றைப் பொறுக்கி, ஓடைக்கு அப்பால் வீசக் கையை ஓங்கினார்.

"அங்க போடாதீங்க," என்றாள் பஞ்சாலை. "முப்பது வருஷம் கழிச்சு எவனாவது கேஸ் போடுவான்."

சன்னாசி ஓங்கிய கையைத் தாழ்த்தினார். விதை சிந்தாமல் பழத்தைக் கொண்டுவந்து, அவள் காட்டிய இடத்தில், இக்கரையில் வைத்தார்.