குட்டிக்கு எடை கூடிய காலை

குத்துச்சண்டைக்காகக் குட்டியின் எடையைப் பார்ப்பதற்கு முந்தைய நாளெல்லாம், வீட்டில் தண்ணீர் அண்ணியின் பொறுப்பு. டம்ளர்களை அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். குளியலறைக் குழாயின் கைப்பிடியைக்கூடக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். ஒருமுறை பல் தேய்க்கிற சாக்கில் குட்டி அரைச் செம்பு குடித்துவிட்டான். எடை பார்க்கும் இடத்தில் அந்த அரைச் செம்பை வியர்வையாக வெளியேற்ற அவன் மாடிப்படியில் ஏறி இறங்கியது அவளுக்கு மறக்கவில்லை.

குட்டி அவள் கணவரின் தம்பி. பெயருக்குத்தான் குட்டி. அவன் உட்கார்ந்தால் சோபாவில் வேறு யாருக்கும் இடம் இருக்காது. அவனுக்குப் பயிற்சி கொடுப்பது அண்ணன். இத்தனை வருடங்களாக ஹெவிவெயிட் என்ற உச்ச எடைப்பிரிவுக்கு ஒரு படி கீழே உள்ள எடையில்தான் அவன் சண்டை போட்டுவந்தான். அங்கே தொண்ணூறு கிலோவைத் தாண்டக் கூடாது. அந்த எடையில் பட்டத்தைத் தட்டிச்சென்ற சூட்டோடு, இப்போது நேராக ஹெவிவெயிட் சாம்பியனோடு மோதப் போகிறான். சாம்பியன் தரப்பு ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. ஒல்லிப் பையனை அடித்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது, ஆகவே குட்டி தொண்ணூற்றைந்து கிலோவாவது இருக்க வேண்டும். குறைந்தால் தரவரிசையில் அடுத்து இருப்பவர் மேடை ஏறுவார்.

அதற்காக ஆறு மாதம் அண்ணி ஆக்கிப் போட்டாள், குட்டி தின்றான். தொண்ணூற்றெட்டு வந்தது. ஆனால் எடை பார்ப்பதற்கு முந்தைய இரவு வந்ததும் மூவரின் கைகளும் பழகிய வேலையைப் பழகியபடியே செய்தன. அண்ணன் தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பினார். குட்டி எதுவும் கேட்காமல் போய் அதில் உட்கார்ந்தான். அண்ணி குழாயின் கைப்பிடியைக் கழற்றினாள்.

காலையில் அரங்கத்தின் பின்னறையில், பெயர் கூப்பிடுவதற்காக அவர்கள் காத்திருந்தார்கள். குட்டி உதடு வெடித்துச் சுவரில் சாய்ந்திருந்தான். எதிரே, நாற்காலி தெரியாத அளவுக்குப் பெரிய ஒருவர் ரொட்டிக்கு நடுவே அவித்த முட்டைகளை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் அந்த 'அடுத்து இருப்பவர்'. எல்லோரும் அவரை பீரோ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. “எடை பாக்கறதுக்கு முன்னாடியே சாப்பிடறீங்களே, ஒன்னும் ஆகாதா?”

“நமக்கு எதுக்கும்மா பட்டினி? ஹெவிவெயிட்டுக்கு மேல் வரம்பே கிடையாதே. எனக்கு இருக்கற சண்டையெல்லாம் நாற்காலிங்களோடதான்.”

அண்ணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. மெல்லத் திரும்பிப் பார்த்தாள். குட்டி ஒரு காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அண்ணன், “இன்னும் கொஞ்சம்டா, என் ராசா,” என்று முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, அவன் எதுக்குத் துப்பறான்?”

“எடைக்குத்தான்.”

“எந்த எடைக்கு?”

அண்ணன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயோடு குட்டி பக்கம் திரும்பினார். பிறகு அலறினார். “டேய், துப்பாதடா! முழுங்குடா!”

“முழுங்க வாயில ஒன்னுமே இல்லண்ணே.”

மூலையில் ஒரு எடை இயந்திரம் கிடந்தது. குட்டியை அதில் ஏற்றினார்கள். தொண்ணூற்றிரண்டு. அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பாவி நான், குழாயையே கழட்டி வெச்சேனே! உன் பட்டத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேனே!”

“நீங்க கழட்டினீங்க, அண்ணன் சுடுதண்ணி ஊத்தினாரு, நான் போய் உக்காந்தேன். மூணு பேரும் சேந்து பண்ண கூத்து அண்ணி இது. அழறதை அப்புறம் வெச்சுக்கலாம், முதல்ல தண்ணி குடுங்க.”

யாரும் எதிர்பாராத விதமாக, அதிகம் வெளிறிப்போனது பீரோவின் முகம்தான். குட்டி தவறினால் நாளை பட்டத்துக்கு மோதப்போவது அவர். மனிதர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். தன் பையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து குட்டியின் மடியில் வைத்தார். “சாப்பிடு தம்பி. பழம் இருக்கு, பால் இருக்கு. ஒன்னையும் மிச்சம் வெக்காத.”

அண்ணன் சந்தேகமாகப் பார்த்தார். “இவன் கவுந்தா உனக்குத்தானேய்யா யோகம்? பால்ல என்னத்தைக் கலந்திருக்க?”

பீரோ கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “என் மேனேஜர் காதுல போட்றாதீங்க. சாம்பியன் என்னைக் கண்டா ஓடறான்னு வருஷக்கணக்கா பேட்டி குடுத்துட்டிருக்கேன். பேட்டி வேறங்க. நேத்து அந்தாளு மணல்மூட்டையைக் குத்தறதைப் பாத்தேன். மூட்டை பாவம்.”

அண்ணன் பாலின் மூடியைத் திறந்து குட்டியிடம் நீட்டினார்.

அடுத்த ஒரு மணி நேரம் அந்த அறை ஒரு பந்தி போல இருந்தது. பீரோ பழம் உரித்தார், அண்ணன் தண்ணீர் பிடித்து வந்தார். வேகமாகக் குடித்தால் வாந்தி வரும் என்று அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வாயாகக் குடிக்க வைத்தாள். வெளுத்திருந்த முகத்தில் மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. வெயிலில் வாடிய தொட்டிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அது நிமிர்வதைப் பார்ப்பதுபோல அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, ஒன்னுக்கு வருது.”

“மூச்! அரைக் கிலோ போயிடும். அடக்கு.”

பெயரைக் கூப்பிட்டார்கள். மேடையில் விளக்குகளும் கேமராக்களும் காத்திருந்தன. சாம்பியன் முழங்கால் வரை தொங்கும் கோட்டோடு ஏறி நின்று கையைத் தூக்கிவிட்டு இறங்கினார். குட்டி தன் பழக்கப்படி சட்டை, பேன்ட், ஷூ, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உள்ளாடையோடு ஏறினான்.

“தொண்ணூத்தி நாலரை,” என்றார் அதிகாரி.

அரைக் கிலோ குறைவு. கூட்டத்தின் பின்னாலிருந்து பீரோவின் குரல் கிழித்துக்கொண்டு வந்தது. “பேன்ட்டைப் போடுடா டேய்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரிக்கும் அப்போதுதான் உறைத்தது. “அதானே, யாருப்பா உன்னைக் கழட்டச் சொன்னது? இந்த எடையில யாரும் கழட்டறதில்லையே. போட்டுட்டு ஏறு.”

சாம்பியனின் மேனேஜர் குதித்தார். “அதெப்படிங்க? ஒரு தடவை ஏறினா ஏறினதுதான்!”

“அப்படியா? சரி, உங்க ஆளும் கோட்டைக் கழட்டட்டும். முதல்லேருந்து பாப்போம்.”

சாம்பியன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். கேமராக்களைப் பார்த்தார். “விடுய்யா, பையன் போட்டுக்கட்டும்,” என்றார்.

குட்டி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினான். தொண்ணூற்றாறைத் தொட்டது முள். அண்ணனும் அண்ணியும் கட்டிக்கொண்டார்கள். யார் அழுதது, யார் சிரித்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை.

இனி ஒரு சடங்கு மட்டும் பாக்கி. சாம்பியனும் சவால்விட்டவனும் மூக்கோடு மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ள வேண்டும். குட்டியின் தாடை இறுகியிருந்தது. நெற்றியில் வியர்வை அரும்பியது. கண் இமைக்கவில்லை. அப்படி ஒரு முறைப்பைக் கேமராக்காரர்களே பார்த்ததில்லை.

“என்ன தம்பி, என் மேல அவ்வளவு கோவமா?” என்று உதடு அசையாமல் கேட்டார் சாம்பியன்.

“இல்லண்ணே. ஒன்னுக்கு.”

சாம்பியனின் உதடு துடித்தது. சிரித்துவிடுவோம் என்று பயந்து அவர்தான் முதலில் முகத்தைத் திருப்பினார். கேமராக்கள் மின்னித் தள்ளின. குட்டி மேடையிலிருந்து குதித்து ஓடினான்.

கழிப்பறைக் கதவுக்கு வெளியே அண்ணன், அண்ணி, பீரோ மூவரும் காவல் நின்றார்கள். உள்ளே இப்போதைக்கு முடிகிற மாதிரித் தெரியவில்லை.

அண்ணன் பீரோவிடம் கேட்டார். “உண்மையைச் சொல்லுங்க. நாளைக்கு ஜெயிப்பானா?”

“யாரு கண்டா? ஆனா நாளைக்கு அந்த மேடையில நிக்கப் போறது அவன்தான்,” என்றார் பீரோ.

அதைச் சொல்லும்போது அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.