பாஸான பிளான்

முடி கொட்டும் குழந்தைகளுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கப்படும் என்று என் வீட்டுக்காரர் சத்தமாகப் படித்தபோது நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தார். வாரம் ஒருமுறை குழந்தைகளைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, உண்ணி பார்த்து அனுப்புவோம்; கடிக்கும் பழக்கமுள்ள குழந்தைகளுக்கு வாய்ப்பூட்டு எங்கள் செலவிலேயே. நாய் குளிப்பாட்டும் கடைக்காக யாரோ எழுதிய மாதிரித் திட்டத்தை இணையத்திலிருந்து இறக்கி, நாய் என்று வந்த இடத்திலெல்லாம் குழந்தை என்று மாற்றியிருக்கிறார். கம்ப்யூட்டரே ஒரு நொடியில் மாற்றிவிட்டதாம், அதில் ஒரு பெருமை வேறு. "வாய்ப்பூட்ட மட்டும் எடுத்துட்டா மத்ததெல்லாம் பொருந்துதே" என்று சிரித்தார். வேறு சமயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்றைக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

என் தங்கை பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறாள். அவள் புருஷன் கப்பலில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவை தலை காட்டுவார். அவள் மகளுக்கு இரண்டரை வயது. சாயங்காலம் குழந்தையை என்னிடம் விட்டுப் போவாள். காலையில் கண் சிவந்து வந்து தூக்கிக்கொண்டு போவாள். அதைப் பார்த்துக் கிடங்கில் இன்னொருத்தி கேட்டாள், பிறகு இன்னொருத்தி. எனக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. இப்போது எங்கள் வீட்டில் ஐந்து குழந்தைகள் படுக்கின்றன, கூடத்தில் இடமில்லாமல் நாங்கள் இரண்டு பேரும் சமையலறையில் காலை மடக்கிக்கொண்டு படுக்கிறோம். போன வாரம் மாடியிலிருந்து வீட்டு ஓனர் இறங்கி வந்தார். "நான் வீட்ட உங்க ரெண்டு பேருக்குத்தாம்மா விட்டேன்" என்றார். இந்த மாதம் வரை பொறுத்துக்கொள்வாராம். அவரைக் குறை சொல்ல முடியாது, ஒன்று அழுதால் ஐந்தும் அழும். ஆனால் வேறு இடம் கிடைக்காவிட்டால் தங்கை வேலையை விட வேண்டியதுதான். பகல் வேலை கேட்டு அவள் ஏறி இறங்காத படி இல்லை.

கிடங்குக்குப் போகும் வழியில் நகர அலுவலகத்துக்குச் சொந்தமான கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் தரைத்தளத்தில் ஓர் அறை காலி. சொந்தத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் குறைந்த வாடகையில் கொடுக்கிறார்கள் என்று தங்கைதான் விசாரித்துக்கொண்டு வந்தாள். ஒரே ஒரு நிபந்தனை, முதலில் திட்ட அறிக்கை கொடுக்க வேண்டும். நான் அன்றைக்கே உட்கார்ந்து கையால் ஒரு பக்கம் எழுதினேன். எத்தனை குழந்தைகள், எப்போது வரும், எப்போது போகும், எது பால் குடித்துவிட்டுத் தூங்கும், யாருக்கு விளக்கு எரிய வேண்டும், காய்ச்சல் வந்தால் யாருக்கு போன் செய்வேன், எல்லாம். என் வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார், திருப்பி மேசையில் வைத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது லெட்டரு. பிளான் இல்ல" என்றார்.

அவர் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவர். விண்ணப்பம், ஒப்பந்தம், ராஜினாமா என்று ஊரின் காகிதமெல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போகிறது. அவர் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பாஸான காகிதத்தில் கை வைக்கக்கூடாது. எவனுக்கோ ஒரு விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டால் அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார். அடுத்த ஆளுக்குப் பெயரையும் விலாசத்தையும் மட்டும் மாற்றிக் கொடுப்பார். இருபது வருஷமாக அது அவரைக் கைவிட்டதில்லை. அதனால்தான் நாய்க் கதைக்கு அப்புறமும் மனுஷன் அடங்கவில்லை. மறுநாள் இன்னொரு மாதிரியோடு வந்தார். இந்தத் தடவை நிஜமாகவே குழந்தைகள் காப்பகம், எங்கோ அனுமதி வாங்கிய திட்டமாம், பன்னிரண்டு பக்கம்.

நிரப்ப உட்கார்ந்தோம். தொலைநோக்கு என்ன என்று ஒரு தலைப்பு. விடியும்வரை எதுவும் கட்டிலிலிருந்து விழாமல் இருந்தால் போதும் என்றேன். அதெல்லாம் எழுத முடியாது என்று மாதிரியில் இருந்ததையே விட்டுவிட்டார்; அதன்படி நான் நாளைய உலகின் தலைவர்களை உருவாக்கப் போகிறேன். போட்டியாளர்கள் யார் என்று அடுத்தது. டிவி என்றேன். முறைத்தார். இப்படியே நான் ஒன்று சொல்ல, அவர் மாதிரியைப் பார்த்து வேறொன்று அடிக்க, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு உருவாகிக்கொண்டிருந்தது. வேலை நேரத்துக்கு வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. காலை எட்டு முதல் மாலை ஆறு என்று இருந்தது.

"இத மாத்துங்க. நம்ம பொழப்பே ராத்திரிதான்."

"முதல்ல ரூம் கைக்கு வரட்டும். அப்புறம் நீ ராத்திரி வை, விடியக்காலம் வை, யாரு வந்து பாக்கப்போறா?"

"பாத்தா?"

"நீ ஒருத்தி. கிடைக்கறதையும் கெடுத்துடுவ போலருக்கு."

அந்தக் கட்டத்துக்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். கடைசியில் தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது, தொலையட்டும் என்று விட்டேன். மற்ற பக்கங்களைப் படிக்கவில்லை. படிக்கிற தெம்பு எனக்கு மிச்சமில்லை. கையெழுத்து போட்டேன், கொண்டுபோய்க் கொடுத்தார்.

கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கே ஆச்சரியம்தான். நகர அலுவலகத்தில் எங்களை உட்கார வைத்த அம்மாள் என் வயதுதான் இருப்பார், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுக்கொண்டு எங்கள் பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டினார். மேசையில் அந்த அறையின் சாவி இருந்தது. பெரிய சாவி. என் வீட்டுக்காரர் என் பக்கம் பார்த்து, பாத்தியா என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார்.

"காப்பகத்துக்கு மட்டும் மூணு பேரு கேட்டிருந்தாங்க. ரெண்டு பேரு ராத்திரி வெச்சுப்போம்னு எழுதியிருந்தாங்க. எடுத்த எடுப்புல ஒதுக்கிட்டோம். உங்களோடதுலதான் ஒரு தெளிவு இருந்தது" என்றார் அந்த அம்மாள். "இந்த வரி கமிட்டிக்கு ரொம்பப் பிடிச்சுது." ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பி, விரல் வைத்துப் படித்தார். "எந்தச் சூழ்நிலையிலும் இரவில் குழந்தைகளை வைத்துக்கொள்ள மாட்டோம். பிள்ளைகளை இரவில் பிறரிடம் விடுவதும், அப்படி விடப்படும் பிள்ளைகளை ஏற்பதும் பொறுப்பற்ற செயல் என்று உறுதியாக நம்புகிறோம்."

என் தங்கையைப் பொறுப்பற்றவள் என்று நானே எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். யார் வீட்டுப் பிள்ளைகளுக்காகவோ, எந்த ஊரிலோ, இரவில் நிம்மதியாகத் தூங்குகிற எவரோ எழுதிய வரி. திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் நாற்காலியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை என்று புரிந்தது. அங்கேயே அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருந்தது.

"ஏழு மணிக்கு வெளி கேட்டைப் பூட்டிடுவோம். நீங்க ஆறுக்கே முடிச்சிடறதால பிரச்சினை இல்ல" என்று அந்த அம்மாள் ஒப்பந்தத்தை என் பக்கம் தள்ளினார். "இங்க ஒரு கையெழுத்து."

என் வீட்டுக்காரர் முழங்கையால் மெல்ல இடித்தார். "போடு. வெளிய போய்ப் பேசிக்கலாம்."

பேனாவை எடுத்தேன். என்ன பேசுவது வெளியே போய்? பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று தங்கையிடம் எதைப் பேசுவது? கைக்கு எட்டிய சாவி, இரண்டு விரல் நீட்டினால் போதும். பகலில் வேறு யாருடைய பிள்ளைகளையாவது வைத்துக்கொள்ளலாம், வருமானம் வரும், ஓனர் சந்தோஷப்படுவார். பேனாவைக் கீழே வைத்தேன்.

"அந்த வரிய நான் எழுதல மேடம்."

"பின்ன யாரு எழுதினா?"

"தெரியல. யாரோ பாஸானவங்க."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். நான் நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை. "நான் ராத்திரிதான் வெச்சுக்கறேன். இப்பவே அஞ்சு பேரு இருக்காங்க. அவங்க அம்மாங்க பொறுப்பில்லாதவங்க இல்ல, ராத்திரி வேலைக்குப் போறவங்க." பக்கத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அம்மாள் ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அஞ்சும் எங்க தூங்குது?"

விசாரணையா, விசாரிப்பா என்று அந்தக் குரலில் பிடிபடவில்லை. சொன்னேன். கதவோரம் பெரியவன், அவனுக்குப் பாத்ரூம் விளக்கு எரிய வேண்டும். இரட்டைப் பெண்கள் சுவரோரம், நடுவில் தலையணை வைக்காவிட்டால் உதைத்துக்கொள்வார்கள். புதிதாக வந்தவனுக்கு அவன் அம்மாவின் பழைய சட்டை கையில் இருக்க வேண்டும்.

"நாலுதான் ஆச்சு" என்றார் அந்த அம்மாள்.

"அது எங்க மச்சினி பொண்ணு" என்றார் என் வீட்டுக்காரர், கண்ணைத் திறக்காமலேயே. "கீழ போட்டா எழுந்துக்கும். என் நெஞ்சு மேலதான் தூங்கும்."

அந்த அம்மாள் ஒரு வெற்றுத் தாளை எடுத்து ஏதோ எழுத ஆரம்பித்தார். இடது கை தாளை மறைத்திருந்தது. எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், மேசையில் கிடந்த சாவியை எடுத்து, காற்றில் பறக்காமலிருக்க அந்தத் தாளின் மூலையில் வைத்தார்.