பன்னிரண்டு வோல்ட்டும் என் வயிற்றெரிச்சலும்

லாகோஸ் இகேஜா கம்ப்யூட்டர் சந்தையில் ஸ்க்ரூடிரைவர் பிடித்தவர் எல்லாரும் இன்ஜினியர்தான். நானும் பதினேழு வருஷமாக இன்ஜினியர் டாமுனோ. எதிர்க்கடை எபியேரே மட்டும் பலகையில் வெறும் பெயரை எழுதி வைத்திருந்தாள். கடை போட்டு இரண்டு வருஷம்தான் ஆகிறது. கூட்டம் அங்கேதான் நிற்கும். என் கடையில் வெயில் நிற்கும்.

எனக்கு மிஞ்சிய ஒரே கௌரவமான வாடிக்கையாளர் சினிமா எடிட்டர் ஃபுபாரா. நான் விற்ற ஆயிரம் வாட் பவர் சப்ளையோடு, படம் முடியும் தறுவாயில் அவர் கம்ப்யூட்டர் தானாக அணைந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அந்த பவர் சப்ளையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே எதிர்க்கடைக்குப் போனார். என்னோடு ஒன்பது வருஷப் பழக்கம். எண்ணெயில் பொரித்த பஃப்-பஃப் உருண்டையை மென்றபடி, தற்செயலாக வந்தவன் போல நானும் போய் நின்றேன்.

"ஸ்டிக்கர்ல மேல இருக்கிற ஆயிரத்த விடுங்கய்யா," என்றாள் எபியேரே. "கீழ பொடி எழுத்துல பாருங்க. பன்னெண்டு வோல்ட்டுக்கு நேரா எத்தனை ஆம்பியர்?"

"இருபது."

"பெருக்குங்க."

"எரநூத்தி நாப்பது." அவர் குரல் இறங்கியது.

"உங்க கிராபிக்ஸ் கார்டு மட்டும் எரநூத்தி இருபது கேக்கும். ப்ராசஸருக்குத் தொண்ணூத்தஞ்சு. ரெண்டுமே அந்தப் பன்னெண்டுலதான் தின்னுது. பத்தாம அணைஞ்சுருது. என்கிட்ட இருக்கிற இது வெறும் ஐநூத்தி அம்பது வாட்டுதான், ஆனா பன்னெண்டுல நாப்பத்தஞ்சு ஆம்பியர் இருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஆயிரத்துல இருந்தவரு ஐநூத்தி அம்பதுக்கு இறங்கணுமா? தூக்கிப் பாருங்க ஐயா."

எங்கள் சந்தையில் கை எடைதான் கடைசித் தீர்ப்பு. இரண்டையும் அவர் கைகளில் வைத்தேன். என்னுடையதைத் தாங்கிய கை இறங்கியது. உள்ளே இரும்புத் தகடு ஒன்று சும்மா படுத்திருப்பது எனக்குத் தெரியும்.

"கனத்துல படம் ஓடாதுண்ணே," என்றாள் அவள்.

"பழகின மனுஷன்மா," என்று அவளிடம் சொல்லிவிட்டு ஃபுபாரா என் பக்கம் திரும்பினார். "உன்னுதையே சரி பண்ணிக் குடு இன்ஜினியரே. நாளைக்குப் படத்தக் குடுத்தாகணும். இன்னொரு தடவ அணைஞ்சா உன் கடைப்பக்கம் தல வச்சுப் படுக்கமாட்டேன்."

ஜெயித்துவிட்டேன். ஆனால் பெருக்கல் எனக்கும் தெரியும். பதினேழு வருஷமாக அந்த வரியை நான் படித்ததில்லை, அவ்வளவுதான்.

அவர் சாப்பிடப் போனதும் எதிர்க்கடைக்குப் போனேன்.

"அந்த ஐநூத்தி அம்பது ஒண்ணு குடும்மா. வேற ஒருத்தருக்கு."

அவள் எடுத்துக் கொடுத்தாள். "உங்க ஆயிரம் வாட் ஸ்டிக்கர ஒட்டுறதுக்கு முன்ன நல்லாத் தொடைச்சிருங்கண்ணே. தூசி இருந்தா உரிஞ்சு வந்துரும்."

துடைத்துத்தான் ஒட்டினேன்.

மாலையில் ஃபுபாரா கம்ப்யூட்டரையே தூக்கி வந்து, என் கடையிலேயே அதை மாட்டி முழுப் படத்தையும் ஓட்டினார். அணையவில்லை. "ஆயிரம்னா ஆயிரம்தான்யா. டாமுனோ கைய யாரு வெல்ல முடியும்?" என்று சந்தைக்கே கேட்கும்படி சொன்னார். நாலு கடைக்காரர்கள் கை தட்டினார்கள்.

நான் எதிர்க்கடையைப் பார்த்தேன். எபியேரே தலைகூடத் திருப்பவில்லை. புதிதாக வந்த யாருக்கோ பன்னிரண்டைப் பெருக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் மேல் துளிப் பொறாமை இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.