எண்பத்திரண்டு கிலோ

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, மண் மூட்டை எடை போடும் தராசின் மேல் ஏறி நின்றான் நாசர். செருப்பு, பெல்ட், செல்போன், சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஜன்னலில் வைத்துவிட்டுத்தான் ஏறினான். சிவப்பு எண்கள் ஓடி நின்றன. எண்பத்து நாலு புள்ளி ஆறு.

இறங்கினான். மூச்சை வெளியே விட்டுவிட்டு மறுபடி ஏறினான். மூச்சுக்கு எடை இல்லை. அதே எண்பத்து நாலு புள்ளி ஆறு.

"என்னா சார், தராசு ஒத்து வரலியா?" என்றான் சாமிக்கண்ணு, தோளில் மூட்டையோடு. "வேப்பூர் பக்கம் லோடு ஏத்திவுடப் போனீங்களோ?"

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நாசர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்புக்கு ஒரு கதை இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், பாதாமும் முட்டையும் மட்டும் தின்கிற டயட்டில் அவன் இருந்தபோது, லோடு அனுப்பப் போகிறேன் என்று வாரத்துக்கு இரண்டு முறை வேப்பூர் போய் ஹைவே ஓட்டலில் பரோட்டா தின்றுவிட்டு வந்தான். சட்டைக் காலரில் சால்னா காட்டிக்கொடுத்தது. அதற்கு முன்னால் ஏழு நாள் காய்கறி சூப். அதற்கும் முன்னால் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் டப்பாவில் விற்ற சத்து மாவு. நோன்பு மாதத்தில் ஊரே இளைப்பதாகச் சொல்லிக்கொள்ளும்; இவன் நோன்பு திறக்கிற நேரத்தில் சாப்பிடுகிற சமோசாவில் பெருநாளைக்கு நாலு கிலோ கூடி நிற்பான். குறைப்பான், கூடுவான். குறைத்ததைவிட ஒரு கிலோ அதிகமாகக் கூடுவான். குவைத்திலிருந்து திரும்பி வந்து, இந்தப் பீங்கான் பட்டறையில் சூப்பர்வைசராகச் சேர்ந்த ஏழு வருடமும் இப்படித்தான் போனது.

இந்தத் தடவை விஷயம் வேறு. அவனுடைய அக்கா நசீம் பானுவுக்கு ஈரல் கெட்டுவிட்டது. வேறொருவர் ஈரலிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைத்தால் பிழைப்பாள். அவளுடைய புருஷன் உயிரோடு இல்லை. மகனுக்கு வயசு பதினாறு, சட்டம் விடாது. ரத்த வகை சேர்ந்தது நாசருக்கு மட்டும். சென்னை டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "உங்க ஈரல் முழுக்கக் கொழுப்பு. இதை வெட்டி வச்சா அவங்களும் பிழைக்க மாட்டாங்க, உங்களுக்கும் ஆபத்து," என்றார். அப்போது நாசர் தொண்ணூற்றேழு கிலோ. எண்பத்திரண்டுக்கு வரச் சொன்னார். வந்து, அங்கேயே நிற்கச் சொன்னார்.

வந்தான். ஐந்து மாதத்தில் பதினைந்து கிலோ. யாரும் நம்பவில்லை, அவனே நம்பவில்லை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால் நசீம் பானுவுக்கு வயிற்றில் கிருமி தாக்கிக் காய்ச்சல் வந்து, தேதி ஆறு வாரம் தள்ளிப்போனது. அந்த ஆறு வாரத்தில் நாலு வாரம் போய்விட்டது. அடுத்த வாரம் சனிக்கிழமை சென்னையில் கடைசிப் பரிசோதனை. இன்னும் பன்னிரண்டு நாள். இன்னொரு தடவை தள்ளிப்போட்டால் அக்கா உடம்பு தாங்காது என்று டாக்டர் நாசரிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

ஒரு சொட்டு எண்ணெய் கூடத் தொடவில்லை. காலையில் இரண்டு முட்டை, வெள்ளரிக்காய். மத்தியானம் கொள்ளுக் கஞ்சி. ராத்திரி இரண்டு சப்பாத்தி, கீரை. எல்லாம் வீட்டில் மனைவி மர்ஜானா செய்து தருவது. டீகூட சர்க்கரை இல்லாமல். அப்படியிருந்தும் வாரத்துக்கு முக்கால் கிலோ ஏறியது.

தராசு மேல் சந்தேகம் வந்தது. தட்டைத் தூக்கி, அடியில் இறுகிப்போன களிமண்ணைக் கம்பியால் சுரண்டி எடுத்தான். சீல் உடையாத ஐம்பது கிலோ மூட்டை ஒன்றை இழுத்துத் தட்டில் வைத்தான். ஐம்பது புள்ளி ஒன்று. சாக்கின் எடை அந்தப் புள்ளி ஒன்று. தராசு சரியாக இருந்தது.

செல்போன் அடித்தது. திங்கட்கிழமைதோறும் இந்த நேரத்துக்கு நசீம் பானு கூப்பிடுவாள்.

"எவ்ளோடா?"

"எண்பத்திரெண்டரை."

பொய் தானாக வந்தது. பழகின வாய்.

"அரை கிலோ என்னாத்துக்குடா? வாயக் கட்டு. சின்னதுல எம்பங்கு முறுக்கையும் தின்னவன் நீ. இப்ப ஈரல திருப்பிக் குடுக்கச் சொன்னா மூக்கால அழுவுற." சொல்லிவிட்டு இருமினாள். இருமல் நிற்க நேரம் பிடித்தது. "வச்சிடறேன். பேசினா மூச்சு வாங்குது."

அன்று மத்தியானம் கிளேஸ் பிரிவில் உட்கார்ந்து சாப்பிட்டான். அங்கே மின்விசிறி உண்டு. சூளையில் ஒரு தடவை மட்டும் சுட்ட கிண்ணங்கள் பலகையில் வரிசையாக இருந்தன. வெள்ளையாக, சொரசொரப்பாக, தண்ணீர் பட்டால் உறிஞ்சுகிற பதத்தில். அடுத்து அவற்றை மாவு மாதிரிக் கரைத்த கிளேஸில் முக்கி மறுபடி சூளையில் வைத்தால் பளபளப்பு வரும். டிபன் மூடியைத் திறக்கையில் கஞ்சி கொஞ்சம் ஒரு கிண்ணத்தில் தெறித்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டான். கஞ்சியைக் கடைசிச் சொட்டு வரை வழித்துக் குடித்தான்.

மறுநாள் பாஞ்சாலை அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் மேசையில் வைத்தாள். கிளேஸ் பிரிவில் பதினைந்து வருடமாக முக்கி எடுக்கிறவள். கிண்ணம் முழுக்க வெள்ளைப் பூச்சு ஏறியிருந்தது. ஒரு பக்கம் மட்டும், ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு, பூச்சு பிடிக்காமல் சுருண்டு விலகியிருந்தது.

"நீங்க குந்தியிருந்த எடத்துல இருந்தது சார். எண்ணெய்."

"நான் எண்ணெயே தொடறதில்ல."

"தலைக்கு எண்ணெ வச்சிக்கிட்டு கை கழுவாம வர்ற பொண்ணுங்கள நீங்கதான் திட்டுவீங்க. எண்ணெ பட்ட எடத்துல கிளேஸு நிக்காதுன்னு எனக்கு நீங்க சொல்லித் தர வேணாம். வடையா, போண்டாவா?"

"கஞ்சி. வெறும் கொள்ளுக் கஞ்சி."

"கஞ்சின்னா கழுவினா போயிடும்." அவள் கேலி செய்யவில்லை. அதைவிட மோசம், பரிதாபப்பட்டாள். "ஒங்க அக்காவ நெனச்சிப் பாருங்க சார். பத்து நாளு வாயக் கட்ட முடியாதா?"

போய்விட்டாள். நாசர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பரோட்டா தின்ற காலத்தில் சத்தியம் செய்தால் நம்பினார்கள். இப்போது நிஜமாகவே தின்னாதபோது ஒரு கிண்ணத்தின் பேச்சைக் கேட்கிறார்கள்.

அன்றைய கஞ்சியை அவன் குடிக்கவில்லை. புதுக் கிண்ணம் ஒன்றை எடுத்து அதில் ஊற்றி, மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினான். புதன்கிழமை காலை கொட்டி, மூன்று தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, சூளைக்குப் பக்கத்தில் காயவைத்து, தானே கொண்டுபோய்க் கிளேஸில் முக்கினான். வெளிப்பக்கம் பூச்சு ஒட்டியது. உள்பக்கம், கஞ்சி நின்ற உயரம் வரைக்கும், தாமரை இலையில் தண்ணீர் மாதிரி உருண்டு வழிந்தது.

பாஞ்சாலை எட்டிப் பார்த்தாள். "என்னா ஊத்தினீங்க?"

"என் சாப்பாடு," என்றான்.

சாயங்காலம் ஆலடி ரோட்டு வீட்டுக்குப் போனபோது மர்ஜானா அடுப்படியில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மகள் சனா டியூஷனுக்குப் போயிருந்தாள். கிண்ணத்தைப் பையிலிருந்து எடுத்து அடுப்பு மேடையில், மாவுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது என்னாங்க?"

"ஒன் கஞ்சி."

அவள் கிண்ணத்தின் உள்ளே பார்த்தாள். கையிலிருந்த மாவை வழித்துத் தட்டில் போட்டாள்.

"முந்திரியா, நெய்யா?" என்றான்.

"ரெண்டும்." மறுப்பாள் என்று நினைத்து வந்தவன் தடுமாறிப்போனான். "கஞ்சியில முந்திரி. ஊறவச்சி நைசா அரைச்சி, நெய்யும் வுட்டு அடிச்சிடுவேன். சப்பாத்தியில நெய்யி மட்டும்."

"எத்தினி நாளா?"

"தேதி தள்ளிப் போச்சின்னு போன் வந்துச்சே, அதுக்கு மறுநாள்லேருந்து."

"அக்கா செத்துடும். அது தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். அவங்க மவனுக்குப் பதினாறு. சனாவுக்கு ஒம்பது. ஒங்கள வெட்டிப் போட்டு நீங்க எந்திரிக்கலன்னா யாரு வந்து எனக்குப் பதில் சொல்றது? அந்த டாக்டரா?"

"நீதான கையெழுத்துப் போட்ட?"

"போட்டேன்." அவள் குரல் ஏறவில்லை. "பொண்டாட்டி சம்மதம் வேணும்னு பேப்பர நீட்டினப்ப கூடத்துல பதினோரு பேரு. எண்ணிக்கிட்டேன். ஒங்க அக்கா வீங்கின கால நீட்டிக்கிட்டு எதுத்தாப்ல. ஜமாத்துலேருந்து ரெண்டு பெரியவங்க. பேனாவக் கையில திணிச்சிட்டு எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க. நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணுமா? சொல்லிட்டு இந்த ஊர்ல இருந்திருக்க முடியுமா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"எங்க? நீங்கதான் ஊருக்கே தியாகியா ஆயிட்டீங்களே. தொண்ணூத்தேழு, தொண்ணூறு, எண்பத்தஞ்சின்னு பாக்குறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க."

அவன் மேடையில் கையை ஊன்றினான். அடிக்கப் போகிறானோ என்று அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு, அடித்தாலும் சரி என்பது போலத் தொடர்ந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அஞ்சு மாசமா மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடிச்ச கஞ்சி. ஒரு நாளு திடீர்னு வழவழன்னு, மணமா எறங்குது. முந்திரிக் காட்டுல பொறந்த நாக்கு ஒங்களுக்கு. அது தெரியலியா? டிபன வழிச்சித் துடைச்சி அனுப்பினீங்க, கழுவவே வேணாம்ங்கற மாதிரி. ஒரு நாளாவது கேட்டீங்களா, ஏண்டி இது இவ்ளோ ருசியா இருக்குதுன்னு?"

நாசர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தான்.

நாக்குக்குத் தெரிந்திருந்தது. முந்திரி என்று பெயர் சொல்லவில்லையே தவிர, தெரிந்திருந்தது. மர்ஜானாவுக்குக் கை பழகிவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு குடித்தான். அது மட்டுமில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் தராசில் முதல் தடவை எண் ஏறியபோது, பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்தது. வயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றை யாரோ ஒரு சுற்றுத் தளர்த்தின மாதிரி. என்மேல் தப்பில்லை, உடம்பு ஒத்துக்கவில்லை என்று சொல்லிவிடலாம். ஏழு வருடமாகச் சொன்னதுதான். ஊர் நம்பும். கத்தி வேண்டாம்.

குக்கர் ஒரு விசில் விட்டது. மர்ஜானா அடுப்பை அணைத்தாள்.

"இப்ப பதினோரு பேரு இல்ல," என்றான் நாசர். "நீயும் நானும்தான். வேணாம்னா வேணாம்னு சொல்லு. எனக்குப் பயமா இருக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன். ஒம்பேரு வராது."

செல்போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். அவள் அதைப் பார்த்தாள்.

"சொன்னா, அப்பறம் எம்மூஞ்சியில முழிப்பீங்களா?"

யோசித்தான். "தெரியல."

"இன்னிக்காவது உண்மைய சொன்னீங்களே."

ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் அலமாரியிலிருந்து முந்திரி டப்பாவையும் நெய் பாட்டிலையும் இறக்கினாள். இரண்டையும் ஒரு பையில் போட்டு, எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பிசைந்த மாவைக் குப்பையில் கொட்டினாள்.

"வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல," என்றாள். "ஆனா நாளையிலேருந்து ஒங்களுக்கு நீங்களே பொங்கிக்குங்க. எங்கையால போட மாட்டேன். போட்டா மறுபடி கலந்துடுவேன். என் கைய நானே நம்ப மாட்டேன்."

நாசர் வாசலுக்குப் போய் அக்காவுக்குப் போன் போட்டான்.

"திங்கக்கெழம சொன்னது பொய்," என்றான். "எண்பத்தி நாலு புள்ளி ஆறு."

ஏன், எப்படி என்று கேட்பாள், யாரைச் சொல்வது என்று நினைத்தான். அவள் கேட்கவில்லை.

"இன்னும் எத்தினி நாளு இருக்குது?"

"பத்து."

"சரி. போயி நட. எங்கூடப் பேசிக்கிட்டு நிக்காத."

பத்து நாளும் அவனே கொள்ளை வேகவைத்தான். கஞ்சி கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. மர்ஜானா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்ப்பாள். உப்பு கூடினால்கூடச் சொல்ல மாட்டாள். காலையிலும் மாலையிலும் ஜங்ஷனிலிருந்து மணிமுத்தாற்றுப் பாலம் வரை நடந்தான். பாலத்தடியில் மீன் வறுக்கிற வாசனை வந்தால் எதிர்ப்பக்கம் போய் நடந்தான். ஆறாவது நாள் தலை சுற்றி, சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். பாஞ்சாலை மோர் கொண்டுவந்தாள். வெண்ணெய் எடுத்ததா என்று கேட்டு வாங்கிக் குடித்தான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தராசுப் பக்கம் நாசர் போகவே இல்லை. எண் இறங்கினால் நடை தளரும், ஏறினால் மனசு தளரும்; இரண்டையும் அவன் ஏழு வருடம் பார்த்தாயிற்று.

சனிக்கிழமை சென்னை. நசீம் பானுவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மஞ்சள் பாரித்த கண்ணோடு தம்பியை மேலும் கீழும் பார்த்து, "கன்னம் ஒட்டிப்போச்சி. அசிங்கமா இருக்கடா," என்றாள். மர்ஜானாவைப் பார்த்துச் சிரித்தாள். மர்ஜானா குனிந்து பையின் ஜிப்பைச் சரிசெய்தாள்.

நர்ஸ் தராசில் ஏறச் சொன்னாள். எண்பத்தொன்று புள்ளி ஒன்பது. எழுதிக்கொண்டாள். ஸ்கேனும் முடிந்தது. கொழுப்பு பழையபடி அளவுக்குள் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். நாசருக்குச் சந்தோஷம் வரவில்லை. பசித்தது.

பிறகு நர்ஸ் மர்ஜானாவின் பெயரைக் கூப்பிட்டாள். "நீங்க மட்டும் வாங்கம்மா. மறுபடியும் ஒரு தடவ கேக்கணும். தனியாத்தான் கேப்போம். நீங்க சொல்றது வெளிய வராது. இஷ்டமில்லன்னா, அவரு உடம்பு சரிப்படலன்னு மட்டும் நாங்க சொல்லிடுவோம்."

நாசர் எழுந்தான். நர்ஸ் அவனைக் கையால் தடுத்தாள். கதவு சாத்திக்கொண்டது.

சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிடம் போனது. நசீம் பானு கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை, விரல் முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து கிலோவும் தின்றுபோட்ட ஏழு வருடமும் இப்போது ஒன்றுமில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தலையை எந்தப் பக்கம் ஆட்டுகிறாள் என்பதுதான் எல்லாம்.

கதவு திறந்தது. மர்ஜானா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து, அவன் பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். காலியாக இருந்தது.

"சரின்னுட்டேன்," என்றாள், அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "யாரும் பாக்காம கேட்டாங்க. அதான்."

நசீம் பானு கண்ணைத் திறந்தாள். மர்ஜானா அவளைத் தாண்டிப் போய், வராந்தாக் குழாயில் தண்ணீர் பிடித்தாள். திரும்பி வந்து முதலில் பாட்டிலை அவளிடம்தான் நீட்டினாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள்.